பூட்டு திறந்த கூலி

சட்டப்படி பார்த்தால் நான் குற்றம் எதுவும் செய்யவில்லை. டிஜிட்டல் பூட்டுகளை உடைப்பது பற்றிப் பேசும் 65ஏ பிரிவு நம் பதிப்புரிமைச் சட்டத்துக்குள் நுழைந்ததே 2012இல். ரீஜன் பூட்டெல்லாம் அந்தப் பிரிவுக்குள் வருமா வராதா என்பதை வக்கீல்கள் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளட்டும். நங்கநல்லூரில் உட்கார்ந்து மலிவு விலை டிவிடி பிளேயர்களைத் திறந்துவிட்டு நான் காசு வாங்கியது அதற்கு வெகு முன்னால், 2005, 2006 வாக்கில். அன்றைக்குப் போலீஸ் வந்திருந்தால், "எந்த செக்‌ஷன் சார்?" என்று தெம்பாகவே கேட்டிருப்பேன்.

பூட்டைத் திறந்ததில் எனக்கு இன்றைக்கும் வெட்கமில்லை. திறப்பதை எப்படி விற்றேன் என்பதில்தான் இருக்கிறது. இத்தனை வருடமாக நண்பர்களிடம் இதை ஒரு வீரக்கதையாகச் சொல்லி வந்திருக்கிறேன். ஹாலிவுட் கம்பெனிகளின் அநியாயத்தை ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக எதிர்த்த சின்னப் பையன் கதை. அந்தக் கதையில் வருகிறவர்களில் ஒருவராவது எதிரே உட்கார்ந்திருந்தால் பாதிக்கு மேல் என் வாயிலிருந்து வந்திருக்காது.

டிவிடியையே பார்த்திராத பிள்ளைகள் இப்போது கல்லூரிக்கு வந்துவிட்டார்கள் என்பதால், பூட்டு எது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டிவிடி 1996 கடைசியில் ஜப்பானிலும், 1997இல் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. படம் தர வேண்டுமானால் பூட்டு வேண்டும் என்று ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் சொல்ல, உலகத்தை ஆறு துண்டாக நறுக்கினார்கள். அமெரிக்கா, கனடா 1. மேற்கு ஐரோப்பா, ஜப்பான், வளைகுடா, தென்னாப்பிரிக்கா 2. சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங் பக்கம் 3. ஆஸ்திரேலியாவும் தென்னமெரிக்காவும் 4. இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், ரஷ்யா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி எல்லாம் ஒரே மூட்டையாக 5. சீனாவுக்குத் தனியாக 6. விமானத்திலும் கப்பலிலும் போடுகிற டிஸ்க்குக்கு 8 என்று ஒரு நம்பர் வேறு. டிஸ்க்கில் ஒரு நம்பர், பிளேயருக்குள் ஒரு நம்பர். இரண்டும் பொருந்தினால் படம் ஓடும்; பொருந்தாவிட்டால் "ராங் ரீஜன்" என்று ஒரு வரி வந்து நிற்கும்.

இதற்கு அவர்கள் சொன்ன காரணம் தியேட்டர். ஒரு ஆங்கிலப் படம் அமெரிக்காவில் ஓடி முடிந்து, பெட்டி நம் ஊருக்கு வந்து தேவியிலோ சத்யத்திலோ ரிலீஸாக மாதக்கணக்கில் ஆன காலம் அது. அதற்குள் அங்கே டிவிடி வந்து, யாராவது அதை இங்கே கொண்டுவந்து போட்டுக்கொண்டால் தியேட்டர் வசூல் படுத்துவிடும் என்றார்கள். இன்னொரு காரணத்தை அவ்வளவு சத்தமாகச் சொல்லவில்லை: ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர்க்காரன் மடி தாங்குகிற விலையை வைத்து விற்கலாம். ஒரே சரக்கு, ஆளுக்கொரு ரேட். இந்த இரண்டாவது காரணத்தைச் சொல்லித்தான் நான் டீக்கடையில் கொதிப்பேன். பர்மா பஜாரில் சல்லிசாகக் கிடைக்கிற திருட்டு டிவிடிக்குப் பூட்டே கிடையாது, டாலர் கொடுத்து ஒரிஜினல் வாங்குகிறவனுக்குத்தான் பூட்டு, இது எந்த ஊர் நியாயம் என்று கேட்பேன். கேள்வியில் தப்பில்லை. இன்றைக்கும் அதே கேள்விதான்.

எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோவை இரண்டு அரியரோடு முடித்துவிட்டு ஒரு டிவி மெக்கானிக் கடையில் சேர்ந்திருந்தேன். டிவி, டேப்ரிகார்டர், அவசரத்துக்கு மிக்ஸி. நங்கநல்லூரில் தெருவுக்குப் பத்து வீட்டிலாவது பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில் இருப்பார்கள். டிசம்பரில் வருகிறவர்களின் பெட்டியில் சாக்லேட், பாதாம், வைட்டமின் மாத்திரையோடு நாலைந்து டிவிடியும் இருக்கும். அப்பா அம்மா பொழுதுபோக்குக்கென்று வாங்கி வந்த பழைய இங்கிலீஷ் படங்கள். பெட்டியின் பின்பக்கம் ஒரு சின்ன உலக உருண்டை, அதன் நடுவில் 1. அவர்கள் விமானம் ஏறிய மறுநாள் அப்பா அந்த டிஸ்க்கைப் போடுவார். ஓடாது. பிளேயரை ஒரு துணிப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு எங்கள் கடைக்கு வருவார்.

முதலில் வந்தவருக்கு எனக்கும் வழி தெரியவில்லை. லென்ஸ் வாங்க ரிச்சி தெருவுக்குப் போனபோது, சீனப் பிளேயர்களாக அடுக்கி வைத்திருந்த ஒரு கடைப் பையனிடம் கேட்டேன். என் வயதுதான் இருப்பான். ஒரு பிளேயரை எடுத்து டிவியில் சொருகி, ரிமோட்டில் செட்டப் பட்டனை அழுத்தி, வரிசையாகச் சில நம்பர்களைத் தட்டினான். திரையில் அதுவரை இல்லாத ஒரு பட்டியல் வந்தது. அதில் ரீஜன் என்ற வரியில் 5. அம்புக்குறியை அழுத்தி அதை 0 ஆக்கினான். "அவ்ளோதான்ணா" என்றான். இப்படி ஒரு மெனு எதற்கு உள்ளே ஒளிந்திருக்கிறது என்று கேட்டதற்கு அவன் சொன்ன விளக்கம் பின்னாளில் நான் படித்ததோடு அட்சரம் பிசகாமல் ஒத்துப்போனது. பேக்டரியில் எல்லா நாட்டுக்கும் ஒரே போர்டுதான் செய்கிறார்கள். எந்த நாட்டுக்குப் போகிறதோ அந்த நம்பரைக் கடைசியில் ஏற்றி அனுப்புகிறார்கள். ஏற்றுவதற்கு வைத்த கதவு இது. மூடிவிட்டுப் போக யாரும் மெனக்கெடுவதில்லை. விலை உயர்ந்த கம்பெனி பிளேயர்களில் இந்தக் கதவு அவ்வளவு லேசில் அகப்படாது. மலிவுச் சரக்கில்தான் திறந்து கிடக்கும். அமெரிக்காவிலேயே 2000இல் ஏபெக்ஸ் ஏடி-600ஏ என்ற மலிவு பிளேயருக்குள் இப்படி ஒரு ரகசிய மெனு இருப்பது வெளியே தெரிந்து, ஜனங்கள் தேடித் தேடி அந்த மாடலை வாங்கியிருக்கிறார்கள்.

வேறு மாடல்களுக்கும் நம்பர் கேட்டேன். அவன் ஒரு பில் புத்தகத்தின் பின்பக்கத்தைக் கிழித்து, மாடலும் நம்பருமாக எழுதிக் கொடுத்தான். காசு கேட்கவில்லை. டீ வாங்கித் தருகிறேன் என்றேன். கடையை விட்டு வர முடியாதுண்ணா என்று அதையும் வேண்டாம் என்றுவிட்டான்.

அந்தச் சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பர்ஸில் வைத்துக்கொண்டு நான் ஆரம்பித்த வியாபாரத்தைக் கேளுங்கள்.

வாடிக்கையாளர் கண் முன்னால் செய்தால் அரை நிமிட வேலை. அரை நிமிட வேலைக்கு யார் காசு கொடுப்பார்கள்? அதனால் பிளேயரைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்துக்கொள்வேன். "போர்டுல கை வைக்கணும், நாளைக்குச் சாயங்காலம் வாங்க" என்பேன். அவர் போனதும் ஸ்க்ரூவைக் கழற்றி மூடியைத் திறந்து பெஞ்சின் மேல் பரப்பி வைத்துவிடுவேன். கடைக்கு வருகிற மற்றவர்கள் பார்க்க வேண்டுமே. மறுநாள் அவர் வருகிற நேரத்துக்குச் சால்டரிங் அயர்னைச் சூடு பண்ணி ஒரு துளி ஈயத்தைச் சும்மா உருக்கி வைப்பேன். அந்தப் புகை வாசனைக்கு ஒரு மரியாதை உண்டு. அவர் கண் முன்னாலேயே மூடியைப் போட்டு ஸ்க்ரூ முடுக்கி, அவர் டிஸ்க்கையே போட்டுக் காட்டுவேன். படத்துக்கு முன்னால் எஃப்பிஐ எச்சரிக்கை வரும். அந்த எச்சரிக்கையைப் பார்த்துப் பூரித்துப்போன ஜனங்களை நங்கநல்லூரில்தான் பார்க்க முடியும்.

ரிமோட்டில் நம்பர் தட்டும்போது மட்டும் யாரும் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஒருமுறை ஒரு பள்ளிக்கூடப் பையன் கடைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே, "என்ன நம்பர்ணா அது?" என்று கேட்டான். "சர்வீஸ் கோடு, தப்பா அழுத்தினா செட்டு செத்துடும்" என்று மிரட்டி அனுப்பினேன். ரிச்சி தெருப் பையன் என்னிடம் இப்படிச் சொல்லியிருந்தால்?

ரேட்டும் வைத்தேன். அமெரிக்காவில் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு 350 ரூபாய். உள்ளூர் உத்தியோகஸ்தருக்கு 200. கல்லூரிப் பையன்கள் நாலு பேராகச் சேர்ந்து வந்தால் 100. வாசலில் செருப்பைப் பார்ப்பேன், கையில் கட்டியிருக்கிற வாட்சைப் பார்ப்பேன், ரேட் வாயில் வந்துவிடும். ஹாலிவுட் உலகத்தை ஆறாகப் பிரித்து வைத்திருந்தது. நான் நங்கநல்லூரை மூன்றாகப் பிரித்தேன். "ஒரே சரக்கு, ஆளுக்கொரு ரேட்" என்று டீக்கடையில் நான் கொதித்ததெல்லாம் இந்தக் காசில் வாங்கிய டீயைக் கையில் வைத்துக்கொண்டுதான்.

முதலாளி மேல் பழியைப் போடலாம் என்று பார்த்தால் அதற்கும் வழியில்லை. அண்ணன் பாதி நாள் வீட்டு சர்வீஸுக்கு வெளியே போய்விடுவார். "ரீஜன் காசு உன் டீ காசுடா" என்று அதை என்னிடமே விட்டுவிட்டார். எவ்வளவு வாங்குகிறேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

நார்வேயில் ஒரு பையன் இருந்தான், யோன் லெக் யோஹான்சன். டிவிடியில் உள்ள சிஎஸ்எஸ் என்ற பூட்டைத் திறக்கிற புரோகிராமை 1999இல் வெளியிட்டவர்களில் ஒருவன். அப்போது அவனுக்கு வயது 15. வழக்குப் போட்டார்கள்; 2003இல் முதல் கோர்ட்டும் மேல்கோர்ட்டும் அவனை விடுதலை செய்தன. இந்தச் செய்தியைப் படித்துவிட்டு நானும் அவனும் ஒரே கட்சி என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர்கள் கண்டுபிடித்ததை உலகத்துக்கே சும்மா கொடுத்துவிட்டார்கள் என்ற விவரம் என் மனசில் ஏறவே இல்லை.

அரங்கேற்ற மாமிக்கு வருகிறேன். பேத்தி நியூ ஜெர்சியில் அரங்கேற்றம் பண்ணியிருந்தாள். மாமிக்கு மூட்டு வலி, போக முடியவில்லை. விழாவை வீடியோ எடுத்து டிவிடியில் போட்டு அனுப்பியிருந்தார்கள். "படம் மேலயும் கீழயும் உருண்டுண்டே இருக்குப்பா, கலரும் இல்லை. குழந்தை முகமே தெரியலை" என்று சொல்லிக்கொண்டே டிஸ்க்கை உறையிலிருந்து எடுத்து நீட்டினார். திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் ஊதா நிறம்.

அந்த ஊதாவைப் பார்த்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. கம்பெனியில் அச்சடித்து வருகிற டிவிடியின் அடிப்பக்கம் வெள்ளிபோல இருக்கும். ஊதா என்றால் கம்ப்யூட்டரில் வைத்து எழுதிய டிஸ்க். அப்படி எழுதியதில் ரீஜன் பூட்டு இருக்காது. பூட்டு இருந்தால் படம் உருளாது, வரவே வராது. இங்கே பிரச்சினை வேறு. நம் ஊர் டிவி "பால்" சிஸ்டம், ஒரு படத்துக்கு 625 கோடு, விநாடிக்கு 25 படம். அமெரிக்காவில் என்டிஎஸ்சி, 525 கோடு, விநாடிக்குக் கிட்டத்தட்ட 30. மாமி வீட்டில் இருந்தது பழைய டிவி. அமெரிக்க சிக்னலை அப்படியே கொடுத்தால் கலரைத் தொலைத்துவிட்டு உருளத்தான் செய்யும். பிளேயரின் செட்டப்பில் டிவி டைப் என்று ஒரு வரி இருக்கும், ரகசிய மெனுவெல்லாம் கிடையாது, கூடவே கொடுக்கிற புத்தகத்திலேயே போட்டிருக்கும். அது "ஆட்டோ"வில் இருந்தது. "பால்" என்று மாற்றினால் பிளேயரே மாற்றிக் கொடுத்துவிடும்.

"ரீஜன் லாக் மாமி" என்றேன். "350 ஆகும். நாளைக்கு வாங்க."

மாமி மறுநாள் வந்தார். டிஸ்க்கைப் போட்டேன். அலாரிப்பு. பட்டுப்புடவை கலரோடு அந்தப் பெண் வந்து நின்றாள். மாமி ஸ்டூலில் உட்கார்ந்து கடையிலேயே முழு உருப்படியையும் பார்த்தார். போகும்போது புடவைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, "நீ நன்னா இருப்பேப்பா" என்றார். நான் 50 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். பெருந்தன்மை. அந்த 50 ரூபாய்க்காக மாமி தெரு முழுக்க என் புகழைப் பரப்பினார். அதன் பிறகு மூன்று நாலு ஊதா டிஸ்க் வந்தது, எல்லாவற்றுக்கும் ரீஜன் காசுதான்.

தெரியாமல் சொன்ன பொய் ஒன்றும் உண்டு. ஒருவர் கொண்டுவந்த டிஸ்க், பிளேயரை 0 ஆக்கிய பிறகும் ஓடவில்லை. உலகப் படம் ஒன்றைத் திரையில் காட்டி, இந்தப் பிளேயரில் ஓடாது என்றது. எனக்கு மண்டை காய்ந்தது. தெரியவில்லை என்று சொல்ல வாய் வராமல், "இது டூப்ளிகேட் டிஸ்க் சார், உங்க பையனை யாரோ ஏமாத்தியிருக்கான்" என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது. விஷயம் பின்னால்தான் தெரிந்தது. என்னைப்போன்ற ஆட்கள் எல்லாப் பிளேயரையும் 0 ஆக்குவதைப் பார்த்துவிட்டு, 2000இல் ஆர்சிஇ என்று இன்னொரு சோதனையைச் சில படங்களில் சேர்த்தார்கள். "தி பேட்ரியட்" அதில் முதலாக வந்தவற்றில் ஒன்று. டிஸ்க் பிளேயரைப் பார்த்து உன் நம்பர் என்ன என்று கேட்கும். 0 போட்ட பிளேயர் "எல்லா நம்பரும்" என்று பதில் சொல்லி மாட்டிக்கொள்ளும். 0க்குப் பதிலாக 1 என்று போட்டிருந்தால் சமர்த்தாக ஓடியிருக்கும். மறுபடியும் ரிமோட்டில் அரை நிமிடம். அவர் பையன் வாங்கியது சுத்தமான ஒரிஜினல். நான் அவரைத் தேடிப் போய்ச் சொல்லவில்லை.

ரீஜன் பூட்டு இப்போது கிட்டத்தட்டச் செத்துவிட்டது. நியூசிலாந்து 2008இல் சட்டத்தைத் திருத்தியபோது, சந்தையைப் பிரிக்கப் போடுகிற பூட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது என்று தனியாகவே எழுதிவைத்தது. 2009 மார்ச்சில் ஒபாமா, பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுனுக்கு 25 அமெரிக்கப் படங்களின் டிவிடிகளைப் பரிசாகக் கொடுத்தார். அதைப் போட்டால் பிரிட்டன் பிளேயரில் ஓடாது என்று லண்டன் பத்திரிகைகள் கேலி செய்தன. அந்தச் செய்தியைப் படித்து நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். பிரதமராக இருந்தால் 350க்கும் மேலே கேட்டிருக்கலாமே என்று தோன்றியதையும் மறைப்பானேன். ப்ளூ ரேயில் ஆறு துண்டு மூன்றானது. அதற்கடுத்த 4கே டிஸ்க்கில் ரீஜனே கிடையாது.

இதுவரை சொன்னதெல்லாம் சில்லறை. ஹெட்மாஸ்டர் விவகாரம்தான் முழு நோட்டு.

ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். பிசிக்ஸ் வாத்தியாராக இருந்து அந்தப் பதவிக்கு வந்தவர். பெண் சிகாகோவில். அவர் கொண்டுவந்த பிளேயரின் மாடல் என் சீட்டில் இல்லை. தெரிந்த நம்பரையெல்லாம் தட்டிப் பார்த்தேன், கதவு திறக்கவில்லை. இந்த மாதிரிப் பிளேயர்களுக்கு இன்னொரு வழி உண்டு. உள்ளே ஓடுகிற சாஃப்ட்வேரையே மாற்றுவது. புது ஃபைலை ஒரு சிடியில் எழுதிப் போட்டால், பிளேயர் அதைப் படித்துவிட்டு, ஏற்றவா என்று திரையில் கேட்கும். பிளே அழுத்த வேண்டியதுதான். ஒரே ஒரு ஆபத்து: ஃபைல் வேறு போர்டுக்கு உரியதாக இருந்தால், ஏறி முடிந்ததும் செட்டு பிணம்.

பக்கத்து மாடலின் ஃபைல் எனக்குக் கிடைத்தது. சிப் ஒன்றுதானே, ஒத்துப்போகும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடக் கொஞ்சம் மரியாதையான சொல். முடியாது சார் என்று திருப்பிக் கொடுத்தால் பெயர் கெட்டுவிடுமே என்று ஏற்றினேன். திரையில் ஒரு கோடு மெல்ல நகர்ந்தது. டிரே தானாக வெளியே வந்தது, சிடியை எடுத்தேன், டிரே உள்ளே போனது. அதோடு சரி. சிவப்பு லைட் மட்டும் எரிந்தது. ரிமோட்டுக்கும் பதில் இல்லை, முன்பக்கப் பட்டனுக்கும் பதில் இல்லை.

மறுநாள் சார் வந்தார். "கரண்ட் ஏறி இறங்கியிருக்கு சார், போர்டு போயிடுச்சு" என்றேன். வீட்டிலேயே லோ வோல்டேஜில் பாதி அடிபட்டுத்தான் வந்தது, கடையில் போட்டதும் மிச்சமும் போய்விட்டது என்று விளக்கமும் சொன்னேன். அவர் பிளேயரைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கருகே கொண்டுபோய்ப் படித்தார்.

"110லேர்ந்து 240 வரைக்கும்னு போட்டிருக்கே தம்பி?"

போட்டிருந்தது உண்மை. அந்த மாதிரி பிளேயர்களுக்குள் இருப்பது எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை. வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் தானே சமாளித்துக்கொள்ளும். உலகம் முழுக்க விற்பதற்காகவே அப்படிச் செய்வது.

"அதெல்லாம் சும்மா போடறது சார். நம்ம ஊர் கரண்டுக்கு ஆகாது. ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி வெச்சுக்கோங்க."

ரிச்சி தெருவில் எல்லாப் பிளேயருக்கும் பொருந்துகிற சீனப் போர்டு வாங்கிப் போட்டேன். சாரிடம் வாங்கிய பணத்தில் பாதிகூட அதற்கு ஆகவில்லை. ஸ்டெபிலைசரையும் எங்கள் கடையிலேயே வாங்கினார். அதில் எனக்குக் கமிஷன் உண்டு. போர்டில் ரீஜன் நம்பர் முன்பே 0 ஆகத்தான் வந்தது. அதற்கும் தனியாக 350 வாங்கினேன். பில்லில் மூன்று வரி.

ஒரு மாதம் கழித்து சார் வந்தார், கையில் கோடு போட்ட நோட்டு. பிரித்துக் காட்டினார். தேதி, நேரம், வோல்ட் என்று மூன்று பத்தி, வாத்தியார் கையெழுத்து. "தினம் மூணு வேளை எடுத்திருக்கேன். 215க்குக் கீழ வரலை, 235க்கு மேல போகலை. பிளேயர் போற அளவுக்கு ஒண்ணும் தெரியலையே தம்பி" என்றார். குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. பரிசோதனையின் முடிவு சரியாக வரவில்லை என்ற யோசனைதான் இருந்தது.

"ராத்திரி எல்லாரும் தூங்கினதுக்கு அப்புறம்தான் சார் ஏறும்" என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனார். சில நாள் கழித்து மறுபடி வந்தார். நோட்டில் புதுப் பத்தி ஒன்று சேர்ந்திருந்தது. ராத்திரி 2 மணி, ராத்திரி 2 மணி, ராத்திரி 2 மணி. எழுபது வயது மனிதர் அலாரம் வைத்து எழுந்து எழுதியிருக்கிறார். எல்லாம் 220ஐச் சுற்றியே.

எனக்கு அப்போதும் நாக்கு கூசவில்லை. "பார்த்தீங்களா, ஸ்டெபிலைசர் நல்லா வேலை செய்யுது சார்" என்றேன்.

"நான் அளந்தது ஸ்டெபிலைசர்ல இல்லப்பா. சுவர் பாயின்ட்டுல, மல்டிமீட்டர் வெச்சு" என்றார்.

கடையில் வேறு யாரும் இல்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு, ரிமோட்டுக்கு இரண்டு பென்சில் பேட்டரி கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். பேட்டரிக் காசை எண்ணி வாங்கிக் கல்லாவில் போட்டேன்.